ஃபிரிட்ஜின் மேல் ஒரு 2001

கேள்வி: எங்கள் திருமணத்துக்கு மாமனார் ஸ்பெயினின் ரியோஹா பகுதிச் சிவப்பு ஒயின் ஒன்று தந்தார். ‘வீன்யா தொந்தோனியா கிரான் ரெசர்வா 2001’ என்று சீட்டில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஃபிரிட்ஜின் மேல் நிற்க வைத்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கசடு தெரிகிறது. கெட்டுவிட்டது, சமையலுக்கு ஊற்றிவிடு என்கிறாள் தோழி. நான் பத்தாம் மணநாள் வரை வைத்திருக்க நினைத்தேன். என்ன செய்யலாம்?
— வாசகி, பில்பாவோ, ஸ்பெயின்

பதில்: முதலில் பாட்டிலை இறக்கி வையுங்கள் சகோதரி, மீதியைப் பிறகு படிக்கலாம். ஃபிரிட்ஜின் மேல் சூடும் உண்டு, அதிர்வும் உண்டு. இரண்டுமே பழைய ஒயினுக்கு ஆகாதவை. நிற்க வைத்ததும் தவறுதான். தக்கை காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே போகும். இருட்டான, குளிர்ந்த மூலையில் படுக்க வைத்திருக்க வேண்டும்.

கசடு அழுக்கல்ல. திராட்சைத் தோலிலிருந்து வந்த நிறமும் துவர்ப்பும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் படிகின்றன. அதனால்தான் பழைய சிவப்பு ஒயின் வெளிறிச் செங்கல் நிறமாகும். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் தணியும். தோழியிடம் சொல்லுங்கள், இதைக் குழம்பில் ஊற்றுவது பாவம்.

மாமனார் தந்தது லேசான பரிசல்ல. சீட்டிலுள்ள 2001 திராட்சை பறித்த ஆண்டு; ‘கிரான் ரெசர்வா’ என்பது நெடுங்காலம் முதிரவைத்த ஒயினுக்கான தரப்பெயர். பிரான்சின் கொடிகளை ஃபிலாக்செரா பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்து வணிகர்கள் ஒயின் தேடி ரியோஹாவுக்கு வந்தார்கள். அந்த நாட்களில், 1877இல், உங்கள் ஊருக்குத் தெற்கே ஆரோ நகரில் ரஃபாயேல் லோபஸ் தே எரேடியா தொடங்கிய நிறுவனம் இது. எப்ரோ ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது தொந்தோனியா தோட்டம். நான்காம் தலைமுறையும் அதே வீட்டில்தான் வேலை பார்க்கிறது; பீப்பாய்களைக்கூட அமெரிக்க ஓக் மரத்தில் தாங்களே செய்துகொள்கிறார்கள். சிவப்பு கிரான் ரெசர்வாவுக்கு ரியோஹா விதி கேட்பது மொத்தம் 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாயில். இவர்களோ பீப்பாயில் மட்டும் சுமார் 10 ஆண்டு வைக்கிறார்கள்! அதன்பின் பாட்டிலிலும் பல ஆண்டுகள். காத்திருக்கும் வேலையை அவர்களே முடித்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே உங்கள் மணநாள் கணக்கை விட்டுவிடுங்கள். நிலவறையில் கிடந்திருந்தால் இன்னும் பல ஆண்டு தாங்கும். ஃபிரிட்ஜின் மேல் மூன்று கோடை கண்ட பாட்டிலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். இந்த மாதமே திறந்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன் ஒரு முழு நாள் அசைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கசடு அடியில் தங்கட்டும். பழைய தக்கை உதிரும். திருகாணியை அவசரப்பட்டு இழுத்தால் பாதி உள்ளே விழும். இரண்டு மெல்லிய தகடுகளைப் பக்கவாட்டில் செருகி எடுக்கும் கருவி நல்லது. 16, 17 டிகிரி குளிர்ச்சி போதும். கழுத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்து ஒரே சீராக ஊற்றுங்கள். கசடு கழுத்துக்கு ஏறியதும் நிறுத்திவிடுங்கள். நான் முதன்முதலில் இப்படி ஒரு பாட்டிலைத் திறந்தபோது தேநீர் ஆற்றுவதுபோல் ஊற்றினேன். கடைசி இரண்டு கோப்பையும் சேறு. அன்று விருந்துக்கு வந்தவர் மரியாதைக்காக அதையும் குடித்தார். இன்றும் அவர் முகம் கண்ணில் நிற்கிறது.

இளம் ஒயினைப்போல் இரண்டு மணி நேரம் ஜாடியில் காற்றாட விடாதீர்கள். ஊற்றியதும் முகர்ந்தால் மூடிக்கிடந்த அலமாரியின் வாசம் வரலாம். கால் மணி நேரம் கோப்பையிலேயே விடுங்கள், உலர்ந்த பழமும் பதனிட்ட தோலும் புகையிலையும் மெல்ல எழும். வினிகர்போல் மூக்கில் ஏறினால் மட்டும் தோழி சொன்னது சரி. மாமனாரையும் கூப்பிடுங்கள். ஃபிரிட்ஜ் விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: அதே ஆரோ நிறுவனத்தின் நிலவறைப் படங்களில் ஒரே சிலந்தி வலையாக இருக்கிறதே, சுத்தம் செய்ய மாட்டார்களா?
— இன்னொரு வாசகர்

பதில்: வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறார்கள். தக்கையைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி தின்றுவிடுகிறது. சம்பளம் கேட்காத காவலாளி.