இரண்டு சீட்டாக எடுத்தால் மிச்சமாகுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் மனைவியும் மாதச் சம்பளம் பெறுபவர்கள். வெளிநாட்டில் ஒரு சிறு நகரத்தில் படிக்கும் என் தங்கை மகளுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் பட்டமளிப்பு விழா. நாங்கள் இருவரும், 13 வயது மகளும், 68 வயதான என் அம்மாவும் செல்ல விரும்புகிறோம். அந்த நகரத்துக்கு நேரடி விமானம் இல்லை. அந்நாட்டின் தலைநகரில் இறங்கி, சிறிய விமானத்துக்கு மாற வேண்டும். முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக எடுப்பதைவிட, இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒரே சீட்டின் கட்டணத்தில் 60 விழுக்காடு கையில் இருக்கிறது. இனி மாதந்தோறும் அக்கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கைச் சேமிக்க முடியும். குறைவதைக் கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையாகப் போடலாமா, வைப்புநிதியை உடைக்கலாமா, அல்லது கட்டணம் இறங்கும் வரை காத்திருக்கலாமா?

பதில்: சீட்டு எடுத்து, ஏதேனும் தவறிய பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்களே அதிகம், நீங்கள் முன்னதாகவே கேட்டிருப்பதால் பதில் சொல்ல இடமிருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, நால்வருக்கும் ஒரே சீட்டாகப் போய்வரும் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனிச் சீட்டுகளின் விலை அப்போது 80. அதில் பன்னாட்டு விமானத்துக்கு 56, சிறிய விமானத்துக்கு 24 என்று கொள்கிறேன். நான் ஊகித்த எண்களுக்குப் பதிலாக உங்கள் திரையில் தெரியும் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சமாகத் தெரியும் அந்த 20 முழுமையாக உங்கள் பையில் தங்காது. ஒரே சீட்டில் பன்னாட்டுப் பயணத்துக்குரிய பெட்டி அளவே பெரும்பாலும் கடைசிக் கட்டம் வரை செல்லும். தனியாக எடுக்கும்போது சிறிய விமான நிறுவனம் தன் உள்நாட்டு அளவையே பார்க்கும். அதற்கு மேற்பட்ட எடைக்கு நால்வரும் போகும்போதும் வரும்போதும் தனியே கட்ட வேண்டும். இதற்கு 6 போனால் மீதி 14. விழா நாள் மாறாது என்பதால், போகும்போது தலைநகரில் ஓர் இரவு தங்கி மறுநாள் சிறிய விமானத்தைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். விடுதிக்கும் போக்குவரத்துக்கும் 5 என்றால் மீதி 9.

உண்மையான ஆபத்து திரும்பும் வழியில் இருக்கிறது. போகும் வழியில் இணைப்பு தவறினால் இழப்பது சிறிய விமானத்தின் சீட்டை. திரும்பும்போது சிறிய விமானம் தாமதமானால், நீங்கள் இழப்பது பெரிய விமானத்தின் சீட்டை. பன்னாட்டு நிறுவனத்தின் பார்வையில் உங்கள் தாமதத்துக்கு யார் காரணம் என்ற கேள்வியே எழாது. நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒருவழிக்கு 28 ஆக இருந்த கட்டணம் அன்றே வாங்கும்போது இரட்டிப்பானால் 56. ஆறு பயணங்களில் ஒருமுறை இப்படி நேர்ந்தாலே, மற்ற பயணங்களில் சேர்த்த 9, 9 எல்லாம் கரைந்துவிடும். இதைத் தவிர்க்கத் திரும்பும்போதும் தலைநகரில் ஓர் இரவு தங்கினால் இன்னொரு 5 செலவாகும். ஆக, பாதுகாப்பாகப் பயணம் செய்யும் நிலையில் இரண்டு சீட்டு உங்களுக்கு மிச்சப்படுத்துவது வெறும் 4. அந்த 4க்காக 68 வயதானவரை இரண்டு முறை விடுதிக்கும் விமான நிலையத்துக்கும் அலைக்கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே சீட்டில் முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. சில நாடுகளில் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்றாலும், இந்தப் பொறுப்பு மாறாது. பெட்டி விஷயத்திலும் இதற்கு ஒரு சட்டப் பயன் உண்டு. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பன்னாட்டுப் பயணங்களுக்கு உரியது. உள்நாட்டுக் கட்டமும் அதே ஒப்பந்தத்தின் பகுதியாக இருந்தால் அதையும் ஒரே பயணமாகவே அது கருதுகிறது. பெட்டி தொலைந்தாலோ சேதமடைந்தாலோ தாமதமானாலோ ஒரு பயணிக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், 1,519 எஸ்.டி.ஆர். (இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, ஐந்து நாணயங்களின் கூட்டு மதிப்பால் அளக்கப்படுவது.) இதைப் பலர் நிலையான இழப்பீடு என்று தவறாக எண்ணுகிறார்கள், நீங்கள் ரசீதுடன் நிரூபிக்கும் இழப்புக்குத்தான் பணம், அதுவும் இந்த வரம்புக்குள். சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்தை 21 நாளுக்குள்ளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பயன் இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். உங்களுக்கு உடனடியாகக் குறைவது 40. இதை மாதம் 2 விழுக்காடு வட்டியில் 12 தவணையாகக் கார்டில் போட்டால், மொத்தம் 45.4 கட்டுவீர்கள்; அதாவது வட்டி மட்டும் 5.4, விழா முடிந்து ஏழு மாதம் வரை தொடரும் தவணை வேறு. வைப்புநிதியை முன்கூட்டியே முடித்தால் வட்டி விகிதம் குறைக்கப்படும். 40க்காக முழு வைப்பையும் கலைப்பது வீண். பல வங்கிகள் வைப்புநிதியை அடமானமாக வைத்துக்கொண்டு, அதன் வட்டியைவிட ஓரிரு விழுக்காடு கூடுதலான வட்டியில் கடன் தருகின்றன. வைப்பும் தன்பாட்டில் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று வைத்து, மாதம் 8 வீதம் ஐந்து மாதத்தில் அடைத்தால் மொத்த வட்டி 0.8 மட்டுமே. 5.4 எங்கே, 0.8 எங்கே!

சீட்டு 100, கடன் வட்டி 0.8, தங்குமிடம், விசா, காப்பீடு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு 30, தாமதம் நேர்ந்தால் செலவழிக்க 10 என்றால், மொத்தச் செலவு சுமார் 141. கையிருப்பு 60, ஐந்து மாதச் சேமிப்பு ஏறத்தாழ 83, ஆக 143. நெருக்கமான கணக்குதான், ஆனால் நிற்கிறது. சீட்டை உயர்ந்த வகுப்புக்கு மாற்றும் ஆசையோ, அங்கே போனதும் பரிசுப் பொருள் வாங்கும் ஆசையோ வந்தால் நிற்காது.

காத்திருப்பது பற்றி: ஒவ்வொரு விமானத்திலும் இருக்கைகள் விலைப்படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், மலிவான படியில் சில இருக்கைகளே இருக்கும். பெரிய விமானத்தில் கட்டணம் இடையிடையே இறங்க வாய்ப்புண்டு. ஆனால் சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற விமானத்தில் மொத்தமே எழுபது சொச்சம் இருக்கைகள். நாளுக்கு ஓரிரு முறையே பறந்தால் மலிவான படி விரைவில் தீரும். இன்னொன்றையும் கவனியுங்கள். நால்வருக்கு ஒன்றாகத் தேடும்போது, மலிவான படியில் மூன்று இடமே எஞ்சியிருந்தால், பல முன்பதிவுத் தளங்கள் நால்வருக்குமே அடுத்த படியின் விலையைக் காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு நால்வருக்கு. தலைக்கு விலை கூடினால் மூவர், ஒருவர் என இரு பதிவுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவைத் தனிப் பதிவில் வைக்க வேண்டாம். விமானம் ரத்தானால் மாற்று இடம் தரும்போது பதிவுகளைப் பிரித்து அனுப்பிவிடக்கூடும். என் கருத்து, இந்த மாதத்துக்குள்ளேயே எடுத்துவிடுங்கள்.

பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பயணக் காப்பீட்டைச் சீட்டு எடுத்த சில நாளுக்குள் வாங்குங்கள். புறப்படும் முன் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் கிடைக்கும் பாதுகாப்பு, பாலிசி வாங்கிய பிறகே தொடங்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும் என்று அஞ்சி மறைப்பவர்களின் மருத்துவக் கோரிக்கை பிறகு நிராகரிக்கப்படுவதுண்டு. அப்போது இழப்பது பிரீமியத்தைப்போல் பல மடங்கு.

சிறிய விமானங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டியறை குறுகலானது. ஏறும் இடத்தில் கைப்பெட்டியை வாங்கிக் கீழே வைக்கச் சொல்லலாம் என்பதால் அம்மாவின் மருந்து, ஆவணங்கள், பவர் பேங்க் ஆகியவற்றைத் தோளில் மாட்டும் சிறு பையில் வையுங்கள். பவர் பேங்கைச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணி வரையிலானவற்றைப் பொதுவாகக் கேபினில் கொண்டுபோக விடுவார்கள். 20,000 எம்.ஏ.எச். உள்ளது சுமார் 74 வாட்-மணி. அங்கே கார்டில் பணம் செலுத்தும்போது, எந்த நாணயத்தில் என்று கருவி கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் தரப்பு நிர்ணயிக்கும், அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமானது.

ஒரே சீட்டிலும் இணைப்பு நேரத்தைப் பாருங்கள். தளம் ஒன்றரை மணி நேர இணைப்பை முதலில் காட்டினாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாததை எடுங்கள். அன்றைய கடைசிச் சிறிய விமானத்தில் இணைப்பு வைக்க வேண்டாம். அது தவறினால் நிறுவனம் தரும் மாற்று இடம் மறுநாள் காலையில்தான் இருக்கும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அந்நகரில் இறங்கும்படி தேதியை வையுங்கள். அந்தக் கூடுதல் இரவின் செலவு தங்குமிடத்துக்கு நான் ஒதுக்கிய தொகையிலேயே அடங்கியிருக்கிறது.