தள்ளுபடிக்குக் காத்திருப்பவருக்கு

கேள்வி: பொருளாதார மந்தம் வருகிறது, வருகிறது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வந்தால் நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். தங்கம், பங்கு, நிலம் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். தனியார் நிறுவனத்தில் நல்ல சம்பளம். கடன் என்றால் வீட்டுக் கடன் மட்டும்தான். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவந்த எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டுக் கையில் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் நிறுத்திவிட்டால் இன்னும் கொஞ்சம் சேரும். சேமிக்காதவர்கள்தானே மந்தத்தில் கஷ்டப்படுகிறார்கள்? அதற்குப் பத்திரிகைகள் ஏன் ஒப்பாரி வைக்கின்றன?
- ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம் வந்தது. இருந்தாலும் உங்களைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம்.

தங்கம் சல்லிசாகும் என்கிறீர்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களைவிட 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. அப்படி ஒரு சரிவை நம் தலைமுறை பார்த்ததில்லை. அந்த ஆகஸ்டில் சவரன் விலை 40,000 ரூபாயைத் தாண்டியது. ஊர் உலகமே பயந்து கிடக்கும்போது பணம் ஓடி ஒளிகிற இடம் தங்கம். பிறகு எப்படி விலை இறங்கும்?

பங்கு விழும், அது உண்மை. 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து 26,000க்குக் கீழே போனது. அன்று கையில் காசு இருந்தவர்களில் எத்தனை பேருக்கு வாங்க மனம் துணிந்தது? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் இன்னும் விழட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள். மேலே சொன்ன 23.9 சதவீதக் கணக்கை அரசு வெளியிட்டது ஆகஸ்ட் 31 அன்று. அன்றைக்கு சென்செக்ஸ் 38,000க்கு மேலே இருந்தது. மந்தம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்வதற்குள் நீங்கள் எதிர்பார்த்த விலை போய்விட்டது. விழுகிற மாதத்திலும் நம் பயத்தைக் கேட்காமல் வாங்கிப் போடுவதுதான் எஸ்.ஐ.பி.யின் பலமே. அதைத்தான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள்.

நிலம்? நம் ஊரில் மந்தம் வந்தால் நிலத்தின் விலை குறைவதைவிட விற்பனை நின்றுபோவதுதான் அதிகம். வசதியுள்ளவர் இறக்கி விற்க மாட்டார், வைத்துக்கொண்டு காத்திருப்பார். குறைத்துக் கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்கோ கடன்காரருக்கோ நாளைக் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டியவர்.

இத்தனை கணக்குப் போட்ட நீங்கள் உங்கள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் வேலை போகும், உங்களுக்கு மட்டும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்று எதை நம்பி எழுதினீர்கள்? 2020இல் ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் இறுதி வரை கடன் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது நினைவிருக்கும். தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வேலையோடு கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்பது பலருக்கு அந்த ஆண்டில்தான் உறைத்தது.

சேமிக்காதவர்கள்தானே கஷ்டப்படுகிறார்கள் என்ற வரிக்கு வருகிறேன். 2009இன் தொடக்கத்தில் வேலை விஷயமாகச் சில வாரங்கள் திருப்பூரில் இருந்தேன். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஆர்டர் குறைந்து, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகி, வாரத்தில் மூன்று நாள் நான்கு நாள் என்று வேலை சுருங்கியிருந்தது. நான் தங்கியிருந்த சந்தில் ஓர் அக்கா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை பார்க்கும்போது அவர் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார். அடகுச் சீட்டு, ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தது. "சேர்த்து வெச்சது அந்தத் தோடுதானுங்க" என்றார். அவர் சேமித்துத்தான் இருந்தார். வாரச் சம்பளத்தில் சீட்டுக் கட்டி அரைச் சவரன் வாங்கியிருந்தார். யாரோ ஒரு நாட்டில் யாரோ திருப்பிக் கட்டாத வீட்டுக் கடன், இவர் காது வரைக்கும் வந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வேப்பங்குச்சிதான். திருப்பூர் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். சல்லிசாகக் கிடைக்கும் என்று நீங்கள் காத்திருக்கும் தங்கம், மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போகிற இப்படி ஒரு தோடாகத்தான் இருக்கும். செய்தித்தாளில் அடகு நகை ஏல அறிவிப்பு பக்கம் பக்கமாக வரும்போது ஒரு நாள் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

உங்கள் பயத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். பயமில்லாதவர் போல எழுதியிருக்கிறீர்கள், ஆனால் செலவை எல்லாம் சுருக்குகிற மனுஷன் பயப்படுகிறவர்தான். அதில் தப்பில்லை. தவணையையும் சேர்த்து ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். வங்கி முழுகினால் போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். அதற்கு மேல் போனால் இன்னொரு வங்கியிலும் போடுங்கள். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டியை எந்த முதலீடும் ஈடுகட்டாது. குடும்பத்துக்கென்று சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுங்கள், வேலையில் இருக்கும்போதே. எஸ்.ஐ.பி.யை மறுபடி தொடங்குங்கள். இவ்வளவையும் யாருடைய கஷ்டத்துக்கும் காத்திராமல் இந்த மாதமே செய்யலாம்.

அந்த அம்மாவை நிறுத்தாதீர்கள். நீங்கள் ஒருவர் நிறுத்தினால் உங்களுக்கு மிச்சம். தெருவில் பத்து வீடும் நிறுத்தினால் அவர் மளிகைக் கடையில் கடன் சொல்வார், கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கடன் சொல்வார், அது சுற்றிக்கொண்டு ஒரு நாள் உங்கள் கம்பெனிக்கே வந்து சேரும். மந்தம் என்று சொல்வது இதைத்தான். எத்தனை வருஷமாக உங்கள் வீட்டுக்கு வருகிறார், கடைசியாக எப்போது சம்பளம் கூட்டிக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.