கூட்டைத் தள்ளி எடுத்து மச்சானுக்கு லோரி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 29 வயது. சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால் உடனே தெரியும். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். நான் ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைம் சேர்த்து, பிடித்தம் போகக் கைக்கு 1,950 வரும். 5 மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா விட்டுப்போன புல் மெஷினை வைத்துத் தாமான் வீடுகளில் புல் வெட்டுகிறேன். மாதம் 12 வீடு கிடைக்கிறது. வீட்டுக்கு 55 வெள்ளி.

இதையே முழு நேரமாகச் செய்யலாம் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். லோரி இருந்தால் தோட்ட ஆபீஸ், பள்ளிக்கூடம், தாமான் என்று கொண்ட்ரேக் எடுத்துத் தருவாராம். 18,000 வெள்ளிக்கு ஒரு பழைய லோரி பார்த்து வைத்திருக்கிறார். அவர் பெயரில் கடன் கிடைக்காது. அதனால் என் பெயரில் தெக்குன் (சிறுதொழிலுக்கு அரசாங்கம் தரும்) கடன் 20,000 எடுக்கச் சொல்கிறார்.

என்னிடம் சேமிப்பு 2,800 இருக்கிறது. 2 கூட்டு (சீட்டு) போடுகிறேன். இரண்டும் 15 பேர், மாதம் 200 வெள்ளி. முந்தி எடுப்பவர் மொத்தத்தில் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு எடுப்பார், அது மற்றவர்களுக்குப் பங்காகப் பிரியும். ஒன்றை 4-ஆவது மாதமே 600 தள்ளி எடுத்து மச்சானுக்குக் கொடுத்தேன். 2 மாதத்தில் தருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. அதற்கு இன்னும் 6 மாதம் கட்ட வேண்டும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கிலிருந்தும் 600 எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது கூட்டு இப்போது 6-ஆவது மாதம். வரும் 10-ஆம் தேதி அதையும் எடுத்து, லோரியைப் பழுது பார்க்கலாம் என்று இருக்கிறோம். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. மகனுக்கு 2 வயது. வேலையை விடலாமா? புது மெஷினை ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ முறையில் எடு என்கிறான் ஒரு கூட்டாளி. அது சரியா?

பதில்: தம்பி, வேலை, லோரி, மெஷின் என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். நான் நின்ற இடம் வேறு. “4-ஆவது மாதமே 600 தள்ளி எடுத்து மச்சானுக்குக் கொடுத்தேன்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அக்கா வீட்டில் பணம் தேவைப்படும் போதெல்லாம் கூட்டைத் தள்ளி எடுக்கிற பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. லோரியும் அதே பழக்கம்தான், தொகை மட்டும் பெரிசு.

கூட்டைப் பற்றிக் கேவலமாகப் பேச மாட்டேன். நானும் லயத்தில் பிறந்தவன். என் அம்மா பல வருஷம் தோட்டத்தில் கூட்டுப் பிடித்தார். ஒரு 40 பக்க நோட்டு, பக்கத்துக்கு ஒரு மாதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெயருக்கு நேரே ஊதா மையில் பெருவிரல் ரேகை. வீட்டுக்கு வந்த முதல் தையல் மெஷின் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் அம்மா எடுத்தது கடைசி மாதங்களில். பொறுத்திருந்து எடுக்கிறவனுக்குக் கூட்டு சேமிப்பு. முந்தி எடுக்கிறவனுக்கு அது கடன், அதுவும் மிகக் கனமான கடன்.

எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தோராயமாகத்தான். 15 பேர், 200 வெள்ளி, மொத்தம் 3,000. நீங்கள் 600 தள்ளினீர்கள், 2,400. அந்த மாதம் நீங்கள் கட்ட வேண்டிய 200 போனால் கைக்கு வந்தது 2,200. அதற்கு முந்திய 3 மாதத்தில், மற்றவர்கள் தள்ளியதில் உங்களுக்குப் பிரிந்த பங்கு கழித்து, ஏறக்குறைய 500 கட்டியிருப்பீர்கள். ஆக, அது உங்கள் சொந்தப் பணம். மற்றவர்களிடமிருந்து நீங்கள் வாங்கிய கடன் 1,700தான். எடுத்தவர் முழுசாகக் கட்ட வேண்டும் என்பதால், மீதி 11 மாதம் 200 வீதம் 2,200 கட்டுகிறீர்கள். 1,700-க்கு 500 வட்டி. மாதா மாதம் அசலும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், மாத வட்டி 4½ விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆண்டுக்கு 50-ஐத் தாண்டும்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரைதான் வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு வரை. அங்கே போங்கள் என்று சொல்லவில்லை. நாம் பயந்து ஒதுங்கும் இடங்களைவிட இரண்டு மூன்று மடங்கு வட்டியை, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே நீங்கள் கட்டுகிறீர்கள். வட்டி என்று யாரும் சொல்லாததால் அது வட்டியாகத் தெரியவில்லை. அந்தப் பணமும் உங்கள் தொழிலுக்குப் போகவில்லை. மச்சான் 2,400 வாங்கினார். அவருக்கு வட்டி இல்லை, தவணை இல்லை, நாளும் இல்லை. கட்டுவது நீங்கள். இன்னும் 6 மாதம், 1,200 வெள்ளி.

இபிஎஃப் 600-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து வந்த அந்த மூன்றாவது கணக்கில், உங்களுக்காகச் செலுத்தப்படும் பணத்தில் 10 விழுக்காடுதான் விழும். உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு மாதம் சுமார் 40 வெள்ளி. அந்த 600 சேர 15 மாதம் ஆகியிருக்கும். ஒரு மதியத்தில் போய்விட்டது.

இனி லோரி. தெக்குன் கடனுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைத்தால், 20,000-க்கு 5 ஆண்டில் 4,000 சேர்ந்து 24,000 ஆகும், மாதம் 400. இந்தியர்களுக்கான ஸ்பூமி திட்டம் அங்கே இருப்பது நல்ல விஷயம், வட்டியும் குறைவு. ஆனால் லோரி என்றால் தவணையோடு முடியாது. ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், 6 மாதத்துக்கு ஒரு தடவை வாகனப் பரிசோதனை, டயர், டீசல். மாதம் 700, 800 போகும் என்றே கணக்கு வையுங்கள். இன்றைக்கு உங்கள் புல் வெட்டு வருமானம் 12 வீட்டுக்கு 660. பெட்ரோல், 2டி எண்ணெய், நைலான் கயிறு, மோட்டார் ஓடுகிற செலவு, மெஷின் தேய்மானம் என்று வீட்டுக்கு 12 வெள்ளி கழித்தால் நிற்பது 516. அந்த 516-ஐ வைத்து லோரியைக்கூடக் காப்பாற்ற முடியாது. பிள்ளைக்குப் பால் மாவு எங்கிருந்து வரும்?

மச்சானுக்கு ஏன் கடன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களா? நிதி நிறுவனங்கள் ஒருவருடைய பழைய கடன்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று சிசிரிஸ் அறிக்கையில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. அதைப் பார்த்து அவர்கள் தயங்குகிறார்கள் என்றால், அதையே நீங்கள் உங்கள் கூட்டுப் பணத்தில் நேரடியாகப் பார்த்துவிட்டீர்கள். 29 வயதில் உங்களிடம் இருக்கும் பெரிய முதல் உங்கள் சுத்தமான பெயர். அதை லோரிக்குக் கொடுக்காதீர்கள். கூட்டு வியாபாரமாகப் பதிந்தாலும் இதே கதைதான்: தொழில் கடனுக்குக் கூட்டாளிகள் இருவருமே பொறுப்பு, கட்டாதவரைத் தேடிப் பிடிக்கும் வேலை கட்டுகிறவருக்குத்தான். உங்கள் மனைவிக்கு விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கணக்குப் போட்டிருக்கிறார், தம்பி. உட்கார்ந்து கேளுங்கள்.

வேலையை விடலாமா என்றால், இப்போது வேண்டாம். விடுவதற்கு முன் எத்தனை வீடு வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைக்கு வரும் 1,950, அதோடு இபிஎஃப்-க்கு உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221. மொத்தம் சுமார் 2,360. வீட்டுக்கு 43 நிற்கிறது என்றால் மாதம் 55 வீடு. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்றால் உடம்பு தாங்கும். ஆனால் நவம்பர் மழையில் எத்தனை மதியம் வீணாகப் போகும் என்று உங்களுக்கே தெரியும். வெயில் மாதங்களில் புல் வளராது, வீட்டுக்காரர் கூப்பிடவும் மாட்டார். 55 வீட்டைத் தேடுவது ஒரு வருஷ வேலை.

அதற்குப் பதிலாக முதலில் விட வேண்டியது சனிக்கிழமை ஓவர்டைமை. உங்கள் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 8-ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால், ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்கு 12 வெள்ளி சொச்சம். ஒரு வீட்டுக்குப் போக, வெட்ட, கூட்டி அள்ள, திரும்ப ஒன்றரை மணி நேரம் என்றால்கூட மணிக்கு 28 வெள்ளி நிற்கிறது. சனிக்கிழமை 3 வீடு சேர்ந்தால் மாதத்துக்கு இன்னும் 12 வீடு. அடிப்படைச் சம்பளமும் இபிஎஃப்-ம் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்பீடும் அப்படியே இருக்கும். மாதம் 30 வீடு, தொடர்ந்து 6 மாதம் வந்த பிறகு வேலையைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

வீடு எங்கே தேடுவது? யூனிசெல் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வாடகை வீடுகள் நிறைய. வீட்டுக்காரர் கோலாலம்பூரிலோ ஷா ஆலமிலோ இருப்பார். புல் வளர்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்துதான் அவருக்குப் புகார் போகும். அவர்களிடம் “மாதம் ஒரு தடவை, 50 வெள்ளி, வெட்டி முடித்ததும் போட்டோ அனுப்புகிறேன்” என்று பேசுங்கள். கூப்பிடும்போது போகிற 55-ஐவிட, கூப்பிடாமலே போகிற 50 மேல். பணத்தை டூயிட்நவ் (கைப்பேசியில் நேரே கணக்குக்கு அனுப்பும் முறை) வழியாக, இதற்கென்று தனியாகத் திறந்த ஒரு கணக்கில் வாங்குங்கள். சட்டைப் பையில் வாங்கும் பணம் மளிகைக் கடையைத் தாண்டி வீடு வந்து சேராது. நாளைக்குத் தெக்குன் போனாலும் அந்தக் கணக்கு அறிக்கைதான் உங்களுக்காகப் பேசும்.

தொழில்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்-இல் பதிந்துவிடுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும், நீங்கள் 5 மாதம் தாண்டிவிட்டீர்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ காப்பீடும் எடுங்கள். குறைந்த திட்டம் ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. தொழிற்சாலை சொக்சோ, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும்போது காலில் பிளேடு பட்டால் உதவும் என்று நம்பியிருக்காதீர்கள். கார் நிறுத்தியிருக்கும் பக்கம் வெட்டும்போது வலையோ பலகையோ வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல் தெறித்து முன்கண்ணாடி உடைந்தால் ஏழெட்டு வீட்டு வருமானம் போய்விடும்.

‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வேண்டாம். அப்பாவின் மெஷின் ஓடுகிறதுதானே? கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஸ்பார்க் பிளக் மாற்றினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். நின்றுபோனால் சேமிப்பு 2,800-இல் 900 எடுத்து ரொக்கமாக வாங்குங்கள். கைப்பேசியில் நாலு தட்டு தட்டிக் கடன் வாங்கும் இந்த வசதிகளைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு தவணை தவறினால் கட்டணம் ஏறும், ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்ததை வாங்கச் சொல்லித் திரையில் வந்து நிற்கும். 30 வீடு வந்த பிறகு இரண்டாவது மெஷினும் இலை ஊதும் மெஷினும் தேவைப்பட்டால், ஸ்பூமியில் 5,000 கேளுங்கள். அதே 4 விழுக்காடு, 2 ஆண்டு என்றால் 5,400, மாதம் 225. அது 6 வீட்டுக்குள் அடங்கிவிடும்.

அக்காவை என்ன செய்வது? அதுதான் உங்கள் நெஞ்சை அடைக்கிறது என்று தெரியும். கூடப் பிறந்தவளைக் கைவிடச் சொல்லமாட்டேன். மாதம் 50 வெள்ளி, அக்கா பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று ஒதுக்கி, அக்கா கையிலேயே கொடுங்கள். திரும்பக் கேட்காதீர்கள். அதற்கு மேல் கேட்டால், “கூட்டு கடைசி மாசம்தான்க்கா வரும், அதை என் பையனுக்கு வெச்சிருக்கேன்” என்று சொல்லுங்கள். பொய் இல்லை. மச்சானிடம் பழைய 2,400-ஐ மாதம் 100 வீதம் கேளுங்கள். அவர் நிஜமாகவே கொண்ட்ரேக் கொண்டுவந்தால், வேலை முடிந்து பணம் வந்த பிறகு 10 விழுக்காடு கமிஷன் கொடுக்கலாம். அதற்கு லோரியும் வேண்டாம், உங்கள் கையெழுத்தும் வேண்டாம்.

இரண்டாவது கூட்டைக் கடைசி வரை விடுங்கள். ஒவ்வொரு மாதமும் மற்றவர்கள் தள்ளுவதில் உங்களுக்குப் பங்கு வரும். 15 மாதத்தில் ஏறக்குறைய 2,600 கட்டி 3,000 எடுப்பீர்கள். அது முடிந்ததும் புதுக் கூட்டில் சேராதீர்கள். கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிடிக்கிறவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், எழுத்தில் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. இப்போது கூட்டுப் பிடிப்பவரிடமும் ஒரு சின்ன நோட்டு வைத்துக் கையெழுத்து வாங்க ஆரம்பியுங்கள்.

10-ஆம் தேதி எல்லாரும் காகிதத்தில் தொகை எழுதி மடித்துப் போடும்போது, நீங்கள் எழுத வேண்டாம். அந்த மாதப் பணத்தைக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.