சுரங்க மண்ணில் கீரை விதைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வாலில், ரெட்ரூத் அருகே ஒரு பழைய வெள்ளீயச் சுரங்கத்தை ஒட்டிய வீட்டை அண்மையில் வாங்கினோம். தோட்டத்தில் கீரை, தக்காளி, பீட்ரூட் பயிரிட ஆசை. மாலையில் நான்கு வயது மகனுடன் கழிவுமேடுகளின் பக்கம் நடக்கப் போவதும் உண்டு. மண்ணில் ஆர்செனிக் இருக்கும் என்று பக்கத்து வீட்டார் எச்சரிக்கிறார்கள். பயிரிடலாமா? நடப்பதையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: இரண்டையும் செய்யலாம். ஆனால் பக்கத்து வீட்டார் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. உங்கள் பகுதியில் வெள்ளீயமும் செம்பும் கிடைத்த பாறைகளிலேயே ஆர்செனிக்கும் கலந்திருந்தது. தாதுவை வறுத்தபோது எழுந்த புகையை வளைந்து வளைந்து செல்லும் நீண்ட அறைகளில் குளிரவைத்து, சுவரில் படிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்துப் பூச்சிக்கொல்லி தயாரிக்க விற்றார்கள். அங்கிருந்து தப்பிய புகையும் கொட்டப்பட்ட கழிவும் சுற்றுப்புற மண்ணில் இறங்கின. கார்ன்வாலில் கடைசிவரை இயங்கிய வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டியிலும் 1998-இல் வேலை நின்றது என்றாலும், ஆர்செனிக் ஒரு தனிமம் என்பதால் மக்கி அழிந்துபோகாது.

எனவே விதை வாங்குவதற்கு முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். காய்கறிப் பாத்தி, புல்தரை, பையன் விளையாடும் மூலை ஆகியவற்றின் மண்ணை ஒன்றாகக் கலக்காமல், ஒவ்வொன்றிலும் பல இடங்களில் மேல் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். வீட்டில் விளைந்ததை உண்ணும் குடியிருப்புகளுக்கு, ஒரு கிலோ மண்ணில் 37 மில்லிகிராம் ஆர்செனிக் என்பது இங்கிலாந்தில் 2014 முதல் வழக்கிலுள்ள முதற்கட்ட அளவுகோல். கார்ன்வாலின் பல தோட்டங்கள் இதைத் தாண்டும். தாண்டினாலே நஞ்சு என்று பொருளில்லை, மேலும் ஆராய வேண்டும் என்றுதான் பொருள். மண்ணிலுள்ள ஆர்செனிக் முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதால், வயிற்றில் எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் சோதனையையும் ஆய்வகத்திடம் கேளுங்கள். முடிவு கவலை தருவதாக இருந்தால், கார்ன்வால் கவுன்சிலின் மாசுபட்ட நிலங்களுக்கான பிரிவை அணுகலாம்.

முடிவு வரும்வரை காத்திருக்க மனமில்லையென்றால், தரைக்கு மேலே உயர்த்திய பாத்தி அமைப்பதே என் பரிந்துரை. அடியில் நீர் இறங்கும் தடுப்புத் துணியை விரித்து, வெளியிலிருந்து வாங்கிய சுத்தமான மண்ணையும் மக்கிய உரத்தையும் 45 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். பக்கச் சட்டத்துக்குப் பழைய பச்சை நிறப் பலகைகளைப் பயன்படுத்த வேண்டாம். 2004-க்கு முன் மரம் உளுக்காமலிருக்கப் பூசிய மருந்திலேயே ஆர்செனிக் இருந்தது.

சொந்த மண்ணிலேயே பயிரிடுவோர் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. மாசுபட்ட மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் அது பொருந்தும். ஆனால் மண்ணின் காரத்தன்மை கூடும்போது ஆர்செனிக் இளகி வேருக்கு எளிதில் கிடைக்கக்கூடும். பாஸ்பேட் உரமும் அப்படித்தான்: ஆர்செனிக் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளில் அது இடம்பிடித்து, ஆர்செனிக்கை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே சோதனை முடிவு கையில் இல்லாமல் இரண்டையும் அள்ளிப் போட வேண்டாம்.

தக்காளி போன்ற காய்கனிகளில் ஆர்செனிக் சேர்வது குறைவு. கீரையிலும் பீட்ரூட்டிலும் வேர் வழியே ஏறுவதோடு, மேலே ஒட்டிவரும் மண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கட்டுக் கீரையை அலசி, அந்தத் தண்ணீரைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் மெல்லிய செம்மண் படலம் தெரியும். மூன்றாம் அலசலிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நாம் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் அந்தப் படலத்துக்குத்தான். அடிநீர் தெளியும்வரை கீரையை அலசுங்கள், பீட்ரூட்டைத் தோல் சீவிச் சமையுங்கள். மகனுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் இந்த வயதுக் குழந்தைகளின் உடலில் மண் பெரிதும் விரல் வழியாகவே சேர்கிறது. அவன் விளையாடும் இடத்தில் வெறும் மண் தெரியாதபடி புல்லோ மரப்பட்டைத் துருவலோ போட்டு மூடுங்கள். பூச்செடிகளைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம்.

நடைப்பயிற்சியைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்த நிலப்பரப்பை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. கார்ன் பிரே குன்றைச் சுற்றி ஏறக்குறைய 12 கி.மீ. செல்லும் கிரேட் பிளாட் லோட் பாதையில், பழைய எஞ்சின் கட்டடங்களுக்கிடையே நடப்பது எனக்கு இன்றும் சலிக்காத இன்பம். போட்டிருக்கும் பாதையில் மட்டும் நடந்து, புல் முளைக்காத கழிவுமேடுகளில், குறிப்பாகக் காற்றடிக்கும் வறண்ட நாட்களில், மகனை ஏறிச் சறுக்க விடாமல் இருந்தால் போதும். பழைய வறுப்பு அறைகளின் சுவரையும் அவன் தொட வேண்டாம். அந்த மேடுகளை மலடு என்று எண்ணி விதை தூவவும் வேண்டாம். செம்பு கலந்த மண்ணில் மட்டுமே வாழும் மிக அரிய பாசியினங்கள் அங்கே இருக்கின்றன, அடர்ந்த செடிகள் மூடினால் அவை அழிந்துவிடும்.

வட்டமாகக் கட்டிய கற்சுவரைக் கண்டால், உள்ளே சுரங்கத்தின் செங்குத்துக் குழி இருக்கிறது என்று கொள்ளுங்கள். எட்டிப்பார்க்கக்கூட ஏற வேண்டாம். சில குழிகளின் வாயை அந்தக் காலத்தில் மரக்கட்டையால் அடைத்து மண்ணைத் தூவிவிட்டிருக்கிறார்கள். கட்டை உளுத்தபின், பெருமழைக்குப் பிறகு தரை உள்வாங்கும். உங்கள் தோட்டத்திலேயே அப்படி ஒரு பள்ளம் புதிதாகத் தெரிந்தால், மண் போட்டு நிரப்பாமல் விலகி நின்று, சுரங்க ஆய்வாளரை அழையுங்கள்.

வீடு திரும்பியதும் செருப்பும் ஷூவும் வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும். நாய் வளர்த்தால் அதன் கால்களையும் கழுவிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும் என்பதால், வாசல் தரையை ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.