கல்லீரல் கொடுக்க மகன் தயார். பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 54. சிரோசிஸ் நோய். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க நான் தயார். எனக்கான பரிசோதனைகள் முடிந்துவிட்டன. இப்போது எக்கோவில் அவருக்கு நுரையீரல் பிரஷர் 56 என்று வந்திருக்கிறது. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், சில மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். கெட்டுப்போனது கல்லீரல்தானே? இந்தத் தாமதம் தேவையா?

பதில்: தேவைதான். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைகளில் மயக்க மருத்துவராக நிற்பவன் என்ற முறையில், காரணத்தையும் சொல்கிறேன்.

புதிய கல்லீரலைத் தைத்ததும், ரத்தக் குழாய்களில் போட்டிருக்கும் கிளாம்ப்பை எடுப்பார்கள். வெளிறிக் கிடந்த கல்லீரல் கண்ணெதிரே சிவக்கும். எல்லோரும் அதைப் பார்க்க, நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவரை அடைபட்டிருந்த ரத்தம், குளிர்ச்சி, அமிலம், பொட்டாசியம் எல்லாம் ஒருசேர இதயத்தின் வலது பக்கம் பாய்கிற நேரம் அது. நல்ல இதயம் உள்ளவர்களுக்கே அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று சரிவதுண்டு. நுரையீரல் தமனிகள் இறுகிப்போனவருக்கு, பின்னால் வெள்ளம் தள்ளும், முன்னால் வழி இருக்காது. மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை விரிந்து துவண்டுவிடும். ரத்தம் பின்வாங்கி, நீங்கள் கொடுத்த கல்லீரலிலேயே தேங்கும்.

சிரோசிஸில், குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஒரு பகுதி, அதற்குள் நுழையாமல் மாற்று வழிகளில் போய்விடுகிறது. கல்லீரல் வடிகட்ட வேண்டிய பொருள்கள் நுரையீரலை அடைந்து, சிலருக்கு அங்குள்ள தமனிகளைத் தடிக்கச் செய்கின்றன. மாற்று சிகிச்சைக்கு வருபவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு இது இருக்கிறது.

ஆனால் எக்கோ சொல்வது மதிப்பீடுதான். உடம்பில் நீர் கூடியிருந்தாலும், இதயம் வழக்கத்தைவிட அதிக ரத்தத்தைத் தள்ளினாலும் அந்த எண் ஏறும். தமனியே இறுகியிருக்கிறதா என்பதைக் குழாய்ப் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் கழுத்தில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அங்குள்ள ரத்தக் குழாய் வழியே செய்துவிடுவார்கள்.

அதில் கிடைக்கும் சராசரி அழுத்தம்தான் முக்கியம். எக்கோவின் 56 உச்ச அழுத்தம். இரண்டையும் ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். சராசரி 20 வரை இயல்பு. 35-க்குக் கீழே இருந்து வலது இதயமும் நன்றாக இயங்கினால், பொதுவாக அறுவைக்குப் போகலாம். 35 முதல் 50 வரை என்றால், முதலில் மருந்து. 50-க்கு மேல் அப்படியே அறுவைக்குப் போனால் உயிருக்கே பெரும் ஆபத்து. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில்டெனாஃபில், மாசிடென்டான் போன்ற மருந்துகளால் அழுத்தம் இறங்கி, பிறகு அறுவைக்குப் போனவர்கள் பலர் உண்டு.

உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் வீங்கியிருப்பதற்காக அப்பா ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறாரா? இந்த அழுத்தம் உறுதியானால் அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் என்றால் அவசியம் சொல்லிவிடுங்கள். சில்டெனாஃபிலோடு அது சேரவே கூடாது.

மருத்துவமனையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மருந்து தொடங்கியபின் குழாய்ப் பரிசோதனையை எப்போது திரும்பச் செய்வீர்கள்? நுரையீரல் தமனிகளை விரிக்க மூச்சுவழி கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடும், இதயம், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் எக்மோ கருவியும் அறுவை அன்று தயாராக இருக்குமா?