பஸ்ஸில் ஒருவன் கைவைத்தால் சட்டப்படி என்ன செய்யலாம்? புகார் கொடுத்துப் பயன் உண்டா?

பயன் உண்டா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பதினாறு ஆண்டுகளாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் அல்ல. ஆனால் இந்த வகை மனுக்கள் நிறைய என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. கையால் எழுதிக்கொண்டு வருபவர்களின் தாளில் மாறாமல் இருக்கும் வரி இதுதான்: "மேற்படி நபர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்."

தகாத முறை என்றால் என்ன? டிக்கெட் எடுக்காமல் வந்தானா, வெற்றிலையைத் துப்பினானா? எழுதிய பெண்ணுக்கு விஷயம் தெரியும், கூட வந்த அண்ணனுக்குத் தெரியும், ஸ்டேஷனில் வாங்கிப் படிக்கும் ரைட்டருக்கும் தெரியும். தாளுக்குத்தான் தெரியாது. தாளில் இல்லாததற்கு எந்தப் பிரிவைப் போடுவார்கள்? பெட்டி கேஸ் என்ற சில்லறை வழக்காகப் போட்டு, அபராதம் கட்டச் சொல்லி அனுப்பிவிட வசதியான வரி அது.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பலருக்கு இன்னும் வாயில் வரும் பழைய 354ஆம் பிரிவுதான் இப்போதைய 74ஆம் பிரிவு. பெண்ணை மானபங்கம் செய்யும் நோக்கத்தோடு அவள் மீது பலப்பிரயோகம் செய்வது. குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. அடுத்தது 75, பாலியல் தொல்லை. விரும்பாத தொடுதலோடு பாலியல் நோக்கத்தில் நெருங்குவது, இணங்கச் சொல்வது, ஆபாசப் படம் காட்டுவது எல்லாம் இதில் வரும். மூன்றாண்டு வரை சிறை. ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் ஓராண்டு வரை. இதில் ஜாமீன் உண்டு. பின்தொடர்ந்து திரிவது 78, சொல்லாலும் சைகையாலும் அவமதிப்பது 79.

74க்கும் 75க்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 74இன் கீழ் வரும் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அதிகாரியே 199ஆம் பிரிவின்படி குற்றவாளி. ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல். 199 சொல்லும் பிரிவுகளின் பட்டியலில் 79 இருக்கிறது, 75 இல்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆகவே கை எங்கே பட்டது, எத்தனை முறை, விலகி நின்ற பிறகும் தொடர்ந்து வந்தானா என்பதை எழுதுவது வெட்கக்கேடு அல்ல. பிரிவைத் தீர்மானிப்பதே அதுதான்.

சட்டத்துக்கும் இந்தக் கூச்சம் உண்டு. அவன் கை செய்ததைச் சொல்லாமல் அவளுடைய மானத்தைப் பற்றிப் பேசுகிறது. 1860இல் எழுதிய அந்தச் சொல்லைப் புதிய சட்டத்திலும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். 1988இல் சண்டிகரில் ஒரு விருந்தில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில், ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜின் பின்புறத்தில் தட்டினார். அந்தம்மா புகார் கொடுத்தார். உயர் நீதிமன்றம் அதை அற்ப விஷயம் என்று தள்ளியது. 1995இல் உச்ச நீதிமன்றம் 'இது அற்பம் அல்ல' என்று சொன்ன பிறகுதான் வழக்கு உயிர் பெற்றது. 1996இல் தண்டனை வந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே நீதி கிடைக்க எட்டு ஆண்டு ஆனது. ஆனால் அவர் புகாரில் 'தகாத முறை' என்று மழுப்பவில்லை.

இனி பஸ். 2003இல் நான் கல்லூரிக்குப் போய்வந்த தடத்தில் ஒருவன் தினமும் ஏறுவான். தாவணி முனையில் ஊக்கு வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தது அத்தை. ஒரு நாள் ஊக்கு போதவில்லை, கத்திவிட்டேன். கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்: "கூட்டம் என்றால் இடிக்கத்தான் செய்யும், முன்னால் தள்ளி நில்லம்மா." அடுத்த நிறுத்தத்தில் அவன் நிதானமாக இறங்கிப் போனான். நான்தான் மறுநாள் முதல் முக்கால் மணி நேரம் முன்னதாக வேறு பஸ் பிடித்தேன்.

பிறகு இந்த வேலைக்கு வந்துதான் தெரிந்தது, அன்றைக்கே சட்டம் இருந்தது என்பது. சென்னையில் ஆட்டோவில் வந்தவர்களின் சேட்டையால் ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனதை அடுத்து, 1998இல் தமிழக அரசு ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. உயிரே போயிருக்கிறது, பெயர் 'டீசிங்'! பின்னால்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள். பஸ்ஸில் நடந்து, பாதிக்கப்பட்டவர் சொன்னால், பஸ்ஸை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டியது ஓட்டுநர், நடத்துநரின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லி, செய்யத் தவறினால் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்றது. முறைத்தல், விசில், கண்ணடித்தல் செய்பவனை நடத்துநர் இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம் என்று 2022இல் மோட்டார் வாகன விதிகளிலும் சேர்த்தார்கள். ஆகவே கத்தும்போது "ஸ்டேஷனுக்கு விடுங்கள்" என்று கத்துங்கள்.

அந்த 2012 தீர்ப்பு பிறந்த இடம் தென்காசி பஸ் நிலையம். 1999இல் கணவரோடு நின்ற ஒரு பெண்ணிடம் வம்பு செய்தவர் ஒரு காவலர். நீதிமன்றத்தில் கணவன், மனைவி இருவருமே முதலில் சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சி ஆனார்கள், அந்தக் காவலர் விடுதலை. துறை அவரை வேலையை விட்டு நீக்கியது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் மிச்சம். ஊர், உறவு, வாய்தா மேல் வாய்தா என்று அலைந்தால் யாருக்கும் அலுத்துவிடும். அதனால் 74 முதல் 79 வரையிலான வழக்குகளில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதிவாக வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷனில் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலையவும் தேவையில்லை, எங்கும் கொடுக்கலாம். சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது மனு வந்தது என்பதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல.

சென்ற ஆண்டு ஒரு பெண் தன் அப்பாவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அவர் இருக்கும் வரை 'தகாத முறை'யைத் தாண்டி ஒரு சொல் வரவில்லை. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். பிறகு ஒரு பக்கம் முழுக்கச் சொன்னாள், நான் அடித்தேன். படித்துப் பார்த்து, 'இடுப்பு' என்று நான் நாசூக்காக அடித்திருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டுச் சரியான சொல்லை எழுதினாள். அப்பா திரும்பி வந்து காட்டச் சொன்னபோது தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எஃப்.ஐ.ஆரில் 74 விழுந்தது. வழக்கு நடக்கிறது.