45 டிகிரியில் எறிந்தும் குண்டு ஏன் தூரம் போகவில்லை?

பகலில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல், சாயங்காலம் மைதானத்தில் தடகளப் பிள்ளைகளோடு நிற்பது, இதுதான் என் பொழுது. விளையாட்டில் விசை, எறிபொருள் இயக்கம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பதில்கள் கீழே.

சார், 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் குண்டு எறியும்போது கோச் "இவ்வளவு மேலே தள்ளாதே" என்று திட்டுகிறார். யார் சொல்வது சரி?

கோச். புத்தகமும் பொய் சொல்லவில்லை தம்பி. கிளம்பும் உயரமும் விழும் உயரமும் ஒன்று, காற்று கிடையாது, எந்தக் கோணத்திலும் ஒரே வேகம் என்று அது போடும் நிபந்தனைகளைத்தான் நாம் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். குண்டு உன் கையை விடும்போது தரையிலிருந்து சுமார் 2.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வினாடிக்கு 14 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சிறந்த கோணம் 42 டிகிரிக்கு இறங்கிவிடும், தூரம் 22 மீட்டர். ஆனால் நல்ல வீரர்கள் 35, 38 டிகிரியில்தான் விடுகிறார்கள். ஏனென்றால் 7.26 கிலோ இரும்பை மேல்நோக்கித் தள்ளத் தள்ள அதன் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும், தோளும் அந்தத் திசையில் அவ்வளவு பலமாகத் தள்ளாது, வேகம் குறையும். தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் கோணத்தில் நாலு டிகிரி விட்டுக்கொடுத்து வேகத்தைக் காப்பாற்றுவதுதான் லாபம்.

அப்போ நீளம் தாண்டுதலில்?

அங்கே இன்னும் மோசம், 20 டிகிரி பக்கம்தான். 45-இல் கிளம்ப வேண்டுமென்றால் முன்னோக்கி எவ்வளவு வேகமோ மேல்நோக்கியும் அவ்வளவு வேண்டும். வினாடிக்கு 9 மீட்டர் மேல்நோக்கி என்றால் உடம்பின் ஈர்ப்பு மையம் 4 மீட்டருக்கு மேல் எழும்பும், அப்படி முடிந்தால் அவர் உயரம் தாண்டப் போய்விடலாம், அங்கே உலக சாதனையே 2.45 மீட்டர்தான்.

நீரஜ் சோப்ரா 2025-இல் தோஹாவில் ஈட்டியை 90.23 மீட்டர் எறிந்ததைக் கொண்டாடினோம். ஆனால் 1984-லேயே ஒருவர் 104 மீட்டர் எறிந்தாராமே?

ஆமாம், கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன், 104.80 மீட்டர். ஆனால் அது வேறு ஈட்டி. அந்தக் காலத்து ஈட்டி காற்றில் மிதந்து போய்ச் சில சமயம் தட்டையாக விழும், முனை குத்தியதா இல்லையா என்று நடுவருக்குத் தலைவலி, போதாததற்கு மைதானத்தின் மறுமுனையே பக்கத்தில் வந்துவிட்டது. 1986-இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளினார்கள். காற்று தாங்கும் புள்ளி அதற்குப் பின்னால் அமைவதால் வால் மேலே தூக்கப்படுகிறது, மூக்கு சீக்கிரம் கவிழ்ந்து தரையில் குத்துகிறது. எடை அதே 800 கிராம்தான். புது ஈட்டியில் யான் ஜெலெஸ்னி 1996-இல் எறிந்த 98.48-ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதனால் 90 மீட்டரைக் குறைத்துப் பேசாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

மேகமூட்டமாக இருந்தால் கிரிக்கெட் பந்து ஸ்விங் ஆகும், அதாவது காற்றிலேயே வளையும் என்கிறார்களே, ஈரக்காற்று கனமானது என்பதாலா?

ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசு, கனம் இல்லை. ஸ்விங்குக்கு முக்கியமான வேலையைச் செய்வது தையல்தான். அது சாய்ந்திருக்கும் பக்கத்தில் காற்றின் மெல்லிய படலம் கலங்கி, பந்தை அதிக நேரம் ஒட்டிக்கொண்டு பின்னால் விலகுகிறது, மறுபக்கம் சீக்கிரமே பிரிகிறது, பந்து தையல் காட்டும் பக்கம் வளைகிறது. பந்து பழசாகி ஒரு பக்கம் சொரசொரப்பானால் இந்தக் கணக்கு தலைகீழாகும், அதுதான் ரிவர்ஸ் ஸ்விங்.

கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது ஸ்டைலா?

விரல் உடையாமலிருக்க. 160 கிராம் பந்து மணிக்கு 108 கிலோமீட்டரில் வந்தால் 72 ஜூல். கையை விறைப்பாக வைத்து 3 சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை 2400 நியூட்டன், 30 சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்தால் 240 தான்.

அண்ணே, நான் பவுண்டரியில் நிற்பவன். த்ரோ நல்லா உயரமாகத்தான் போகுது, கீப்பர் கையிலேயே விழுது, ஆனாலும் கேப்டன் கத்துறார்.

கத்தாமல் என்ன செய்வார்! 60 மீட்டருக்கு 45 டிகிரியில் எறிவது உன் தோளுக்குச் சுகம், வினாடிக்கு 24 மீட்டர் வேகமே போதும், காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பந்து மூன்றரை வினாடி வானத்தில் இருக்கும். 35 மீட்டர் வேகத்தில் 14 டிகிரியில் தட்டையாக விட்டால் 1.8 வினாடிதான். அவ்வளவு தோள் பலம் இல்லையென்றால் ஒரு பிட்ச் போட்டு அனுப்பு, தப்பே இல்லை. உன் பந்து மேலே போய்க் கீழே வருவதற்குள் அவர்கள் இரண்டாவது ரன்னை நடந்தே முடித்துவிடுவார்கள்.